வேலையிடக் காயக் கணக்கெடுப்புக்கு அமெரிக்க அரசின் மானியம்: விண்ணப்பத்திலிருந்து தணிக்கை வரை

அமெரிக்காவில் ஒரு மாநிலத் தொழிலாளர் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் சில ஆண்டுகள் பட்ஜெட் பார்த்தேன். வேலை பார்க்கும் இடத்தில் ஏற்படும் காயம், நோய், மரணம் ஆகியவற்றைக் கணக்கெடுக்க ஃபெடரல் அரசு தரும் மானியம் என் மேசை வழியாகத்தான் போய் வந்தது. பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எந்த ஃபாரம் போடணும்?" என்பதுதான். ஃபாரம் கடைசி இரண்டு வாரத்து வேலை. அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். மீதிப் பாதிப் பணம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு கேஸையும் உட்கார்ந்து படிக்கப்போகிற ஆள் யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் மானியத்தை வாங்கினால், பணம் வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

இங்கே மாநில, நகரத் துறைகளில் வேலை பார்க்கும் தமிழர்களையும், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். "வேலையில் இத்தனை பேர் செத்தார்கள்" என்று செய்தியில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்துபோகும்.

எந்த மானியம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே சட்டம். 1970 டிசம்பர் 29 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதிலிருந்து பிறந்த ஓஷா எல்லோருக்கும் தெரியும், சோதனைக்கு வந்து அபராதம் போடுகிறவர்கள். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. காயங்களையும் நோய்களையும் கணக்கெடுக்கும் பொறுப்பைத் தொழிலாளர் துறைக்குக் கொடுத்து, அந்த வேலையை மாநிலங்களோடு சேர்ந்து செய்ய மானியமும் தரலாம் என்கிறது அது. கூடவே ஒரு வரி: ஃபெடரல் பங்கு, மாநிலத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 50 சதவீதம் வரைதான். இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்திருப்பது தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்திடம். எல்லோரும் சொல்வது பிஎல்எஸ்.

இன்னொரு கதவு நியோஷ். இதுவும் அதே சட்டத்தில் பிறந்ததுதான், ஆனால் சுகாதாரத் துறையின் கீழ், சிடிசி என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குள் இருக்கிறது. அது ஆராய்ச்சி நிறுவனம். மாநிலங்களில் தொழில்சார் நோய்க் கண்காணிப்புக்குப் பணம் தரும், போட்டி வைத்துத் தரும்.

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இல்லை. பிஎல்எஸ் எண்ணுகிறது. வெட்டுக்காயம், எலும்பு முறிவு, விழுந்து சாவது போன்றவற்றை அதன் சர்வே நன்றாகப் பிடிக்கும். பத்து இருபது வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டும் நோய் முதலாளியின் நோட்டில் ஏறவே ஏறாது, ஏனென்றால் அதற்குள் அந்த ஆள் அங்கே வேலையில் இருக்க மாட்டார். நியோஷ் பணம் அந்த இடத்துக்கானது. 2000ஆம் ஆண்டு மே மாதம் மிசௌரியில் ஒரு மருத்துவர், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் முன்பு வேலை பார்த்த 8 பேருக்கு அரிதான ஒரு நுரையீரல் நோய் இருப்பதாக மாநிலச் சுகாதாரத் துறைக்குச் சொன்னார். துறை நியோஷை அழைத்தது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டையசெட்டில் என்ற பொருளில் போய் நின்றது விசாரணை. சமையலறை மேடைக்குச் செயற்கைக் கல் அறுக்கும் பட்டறைகளில் சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசியால் வரும் நுரையீரல் நோய், பரவுவதும் இப்படித்தான் வெளியே வந்தது. 2019இல் கலிஃபோர்னியா, கொலராடோ, டெக்சாஸ், வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களும் சேர்ந்து 18 பேரின் கேஸை வெளியிட்டன, அவர்களில் இருவர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

ஓஷாவின் சூசன் ஹார்வுட் மானியத்தையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது லாப நோக்கமற்ற அமைப்புகள் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு. கணக்கெடுப்புக்கு அதில் பணம் கிடையாது.

இனி வரும் படிகள் பிஎல்எஸ் மானியத்துக்கு. நியோஷுக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 1: வாங்கும் தகுதி யாருக்கு

தனியார் நிறுவனம், அறக்கட்டளை, தொழிற்சங்கம் யாரும் பிஎல்எஸ் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மாநில அரசுத் துறை ஒன்றுதான் கையெழுத்திட வேண்டும். எந்தத் துறை என்பது ஊருக்கு ஊர் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர், தொழில்துறை இலாகா. டெக்சாஸில் இன்சூரன்ஸ் இலாகாவுக்குள் இருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவு. சில மாநிலங்களில் சுகாதாரத் துறை. சட்டம் மாநிலத்தின் உட்பிரிவுகளுக்கும் இடம் தருகிறது. மரணக் கணக்கை நியூயார்க் நகரம் தனியாகவே எடுக்கிறது.

இது போட்டி மானியம் அல்ல. "எங்கள் திட்டம் புதுமையானது" என்று முப்பது பக்கம் எழுதிக்கொண்டு போனால் ஏற்கெனவே பார்த்தவர்கள் சிரிப்பார்கள். என்ன வேலை, எந்த முறையில், எந்தத் தேதிக்குள் என்று பிஎல்எஸ்ஸே வேலை விவரம் எழுதி வைத்திருக்கிறது. நாடு முழுக்க ஒரே அளவுகோலில் எண்ணினால்தானே ஒஹாயோவையும் ஓரிகனையும் ஒப்பிட முடியும்? சாம்பிள் (யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுத்த வேலையிடங்களின் பட்டியல்), கணினி அமைப்பு, பயிற்சி என்று அவர்கள் தருவதும் நிறைய இருக்கிறது. அதனால்தான் இதை வெறும் மானியம் என்று சொல்லாமல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் என்கிறார்கள். முதல் போன் போக வேண்டியது உங்கள் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிஎல்எஸ் வட்டார அலுவலகத்துக்கு.

உங்கள் மாநிலம் இதில் சேரவில்லை என்றாலும் தேசியக் கணக்கு நிற்காது. தேசிய எண்ணுக்கு வேண்டிய சாம்பிள் வேலையிடங்களிடம் வட்டார அலுவலகமே நேராகக் கேட்டுக்கொள்ளும். ஆனால் காய சர்வேயில் உங்கள் மாநிலத்துக்கென்று தனி எண் வராது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் "நம்ம கட்டட வேலைகளில் நிலைமை எப்படி?" என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். சேருவதா வேண்டாமா என்று மேலிடம் யோசிக்கும்போது நான் சொன்னால் எடுபட்ட ஒரே வாதம் இதுதான்.

படி 2: பாதிப் பணத்தை முதலில் தேடுங்கள்

ஒரு எளிய கணக்கு. இந்த வேலைக்கு உங்கள் துறைக்கு வருடத்துக்கு 3,00,000 டாலர் ஆகிறது என்று வையுங்கள். ஃபெடரல் தருவது அதிகபட்சம் 1,50,000. மீதி 1,50,000 மாநிலத்தின் சொந்தப் பணம். இதுவரை எல்லோருக்கும் புரியும். இடறுவது அடுத்த வரியில். நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போய், அந்த இடம் எட்டு மாதம் காலியாகக் கிடந்து, வருடக் கடைசியில் மொத்தச் செலவு 2,40,000 என்று நின்றால், ஃபெடரல் பங்கு 1,20,000தான். முப்பதாயிரம் திரும்பிப் போகும். மாநிலம் மிச்சம் பிடித்ததாக நினைத்து ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தால், ஒவ்வொரு டாலர் மிச்சத்துக்கும் ஃபெடரல் டாலர் ஒன்றையும் சேர்த்து விடுகிறீர்கள். ஆள் எடுப்புத் தடை வரும்போதெல்லாம் இந்த ஒரு பத்தியை நிதித்துறைக்கு அனுப்பி வைப்பேன்.

மாநிலப் பங்குக்கு இன்னொரு ஃபெடரல் மானியத்தின் பணத்தைக் காட்டக் கூடாது. பொது நிதியிலிருந்து வரலாம், தொழிலாளர் இழப்பீட்டு நிதி மாதிரி மாநிலத்தின் சொந்த வருமானத்திலிருந்து வரலாம். எங்கிருந்து வந்தாலும், சொன்ன வாய்ப்பேச்சு போதாது, ஒதுக்கீட்டு எண்ணோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலண்டர். ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. 46 மாநிலங்களுக்கு நிதியாண்டு ஜூலை 1இல் ஆரம்பிக்கிறது. நியூயார்க்குக்கு ஏப்ரல், டெக்சாஸுக்கு செப்டம்பர். அலபாமாவும் மிச்சிகனும் மட்டும் அக்டோபர்க்காரர்கள், கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு ஒரே மானிய ஆண்டு இரண்டு மாநிலப் பட்ஜெட்டில் கால் வைத்து நிற்கும். ஜூலையில் மாநிலம் சம்பள உயர்வு கொடுத்தால் கடைசி மூன்று மாதச் செலவு ஏறும். அதை முந்தைய வசந்த காலத்திலேயே ஊகித்துப் பட்ஜெட்டில் வைக்க வேண்டும். தலைநகர் வாஷிங்டனில் ஃபெடரல் பட்ஜெட் நிறைவேறாமல் தற்காலிக ஏற்பாட்டில் அரசு ஓடினால், பணம் மொத்தமாக வராமல் துண்டு துண்டாக வரும். அக்டோபர் மாதச் சம்பளத்துக்கு மாநிலம் முன்பணம் போடுமா என்பதை ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

படி 3: ஆள்

பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளம்தான். இதில் கஞ்சத்தனம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கேஸ் சொல்கிறேன். உண்மைக் கேஸைச் சொன்னால் நான் கம்பி எண்ண வேண்டியிருக்கும், ஏன் என்பது படி 7இல் வரும். அதனால் இது நானாகக் கட்டியது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒன்று வரும்.

ஒரு பேக்கரி. ஓஷா 300 என்ற பதிவேட்டில் ஒரு வரி: "இடுப்பு வலி, 9 நாள் வேலைக்கு வரவில்லை." சர்வே படிவத்தில் சம்பவ விவரம் என்ற இடத்தில், "மாவு மூட்டை தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது." இதை வைத்து நான்கு குறியீடு போட வேண்டும்: என்ன மாதிரிக் காயம், உடம்பில் எங்கே, எப்படி நேர்ந்தது, எதனால். தசைப்பிடிப்பு, கீழ் முதுகு, அதிக எடை தூக்கியது, மூட்டை. கணினியே போட்டுவிடும். பிஎல்எஸ் 2014ஆம் ஆண்டு விவரத்திலிருந்து இயந்திரக் கற்றலைப் பயன்படுத்துகிறது, இன்று 85 சதவீதத்துக்கு மேல் குறியீடுகளைக் கணினிதான் போடுகிறது.

ஆனால் அனுபவமுள்ள கோடர் (குறியீடு போடுகிறவர்) ஒருவருக்கு "தூக்கியபோது" என்ற சொல் இடறும். பேக்கரிக்குப் போன் போடுவார். கணக்கு பார்க்கும் அம்மா எடுப்பார்.

"தூக்கும்போதேவா, இல்லை தூக்கிக்கொண்டு நடக்கும்போதா?"

"நடக்கும்போதுதான். தரையில் மாவு கொட்டியிருந்தது, கால் வழுக்கிவிட்டது. விழவில்லை, சமாளித்து நின்றுவிட்டார். அப்போதுதான் பிடித்துக்கொண்டது."

இப்போது நேர்ந்த விதமே மாறிவிட்டது. எடை தூக்கியது போய், விழாமல் வழுக்கியது என்று ஆகிவிட்டது. இந்த மாதிரி நூறு கேஸ் தவறான பெட்டியில் விழுந்தால், மாநிலம் தள்ளுவண்டி வாங்கச் சொல்லிப் பிரசாரம் செய்துகொண்டிருக்கும், தரை கூட்டச் சொல்ல வேண்டிய இடத்தில். பட்ஜெட் எழுதும்போது அந்தப் போனைப் போடுகிறவரின் சம்பளத்தைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஒரு கோடர் தேறுவதற்கு என் கணக்கில் ஒன்றரை வருடம் பிடிக்கும். இப்போது வகைப்பாட்டு முறையே மாறியிருக்கிறது, 2023ஆம் ஆண்டு விவரத்திலிருந்து மூன்றாம் பதிப்பு. பழைய ஆட்களும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

படி 4: பதிவுகளும் படிவமும்

சீக்கிரம் முடித்துவிடலாம். துறைக்கு, ஃபெடரல் பணம் வாங்குகிறவர்கள் பதியும் சாம்.கவ் தளத்தில் பதிவு வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் பழைய டன்ஸ் எண் போய், 12 எழுத்து கொண்ட தனி அடையாள எண் வந்துவிட்டது. சாம் பதிவு காலாவதியாகி ஒப்பந்தம் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். புதுப்பிக்க வேண்டியவர் ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார், நினைவூட்டல் எல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் பெயரில் பதிவு இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் முகப்பு எஸ்எஃப்-424. கூட பட்ஜெட் விவரம், மறைமுகச் செலவு விகிதத்துக்கான ஒப்புதல் கடிதம், சில உறுதிமொழிகள். திட்டத்தின் பட்டியல் எண் 17.005, மாநிலக் கணக்குப் புத்தகத்திலும் இதே எண்ணில்தான் செலவு ஏற வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கவர்னர் அலுவலகம் வரை போக வேண்டிய மாநிலங்களில் அதற்கே ஒரு மாதம் தேவைப்படும்.

படி 5: சர்வேயின் வருடம்

பணம் அக்டோபரில் வரும். உடனே மூன்று வெவ்வேறு ஆண்டுகள் மேசையில் ஏறி உட்காரும். 2026 அக்டோபரில் ஆரம்பிக்கும் நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் 2025ஆம் ஆண்டுக் காயங்களின் கணக்கை முடித்து வெளியிடும் வேலை. டிசம்பரில், 2027இல் நடக்கப்போகும் காயங்களைப் பதிவுசெய்யச் சொல்லி முன்னறிவிப்புக் கடிதம். ஜனவரியிலிருந்து, 2026இல் நடந்தவற்றைச் சேகரிப்பு. புதிதாகச் சேரும் மாநிலத்துக்கு முதல் வருடத்திலேயே எண் கையில் வராது என்பதை மேலிடத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த முன்னறிவிப்புக் கடிதம் ஏன்? பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை பார்க்கும் இடங்களுக்குச் சாதாரணமாகப் பதிவேட்டிலிருந்து விலக்கு உண்டு, ஆபத்து குறைந்த பல துறைகளுக்கும் அப்படியே. ஆனால் பிஎல்எஸ் மாதிரியில் பெயர் வந்துவிட்டால் அந்த ஒரு வருடம் அவர்களும் எழுதியாக வேண்டும். மூன்று பேர் வேலை பார்க்கும் சலூன்காரருக்கு இப்படி ஒரு கடிதம் போனால், பாதிப் பேர் விளம்பரம் என்று கிழித்துப் போடுவார்கள். மீதிப் பேர், "எங்க கடையில யாருக்கும் எதுவும் ஆகலையே, எதுக்கு எழுதணும்?" என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒரு விடைதான். பூஜ்யம் என்று எழுதி அனுப்பினால்தான் விகிதம் சரியாக வரும். இந்த ஒரு வாக்கியத்தைப் போனில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ!

நாடு முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் வேலையிடங்கள் மாதிரியில் வரும். தனியார் நிறுவனங்களுக்குப் பதில் தருவது ஃபெடரல் சட்டப்படி கட்டாயம். பள்ளி, நகராட்சி மாதிரி அரசு இடங்களுக்குக் கட்டாயமா என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

எது பதிவாக வேண்டும் என்பதில்தான் அதிகச் சண்டை. முதலுதவியோடு முடிந்தால் பதிவு வேண்டாம், மருத்துவச் சிகிச்சை என்றால் வேண்டும். முதலுதவி எது என்று ஓஷா விதியே பட்டியல் போட்டிருக்கிறது. காயத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் முதலுதவி, தையல் போட்டால் சிகிச்சை. டெட்டனஸ் ஊசி முதலுதவி. வெயிலில் மயங்கப் பார்த்தவருக்கு மோர் கொடுத்தால் முதலுதவி, டிரிப்ஸ் ஏற்றினால் சிகிச்சை. விடுப்பு நாள் எண்ணுவது காயம் பட்டதற்கு மறுநாளிலிருந்து, விடுமுறை நாளையும் சேர்த்து, 180இல் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ஊழியர்கள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாளிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்து வையுங்கள். ஓஷாவுக்கும் பல நிறுவனங்கள் ஆண்டுதோறும் மார்ச் 2க்குள் இணையத்தில் இதே எண்களைத் தர வேண்டும். அது வேறு, இது வேறு. ஒன்றைச் செய்தவர் மற்றதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

படி 6: மரணக் கணக்கு

காய சர்வேயில் சில வேலையிடங்களை மட்டும் மாதிரியாக எடுத்துக் கேட்கிறோம். மரணத்தில் மாதிரி கிடையாது, ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். 1992 முதல் நாடு முழுக்க இப்படி எண்ணுகிறார்கள். 2023இல் 5,283 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாகன, போக்குவரத்து விபத்துகள்.

இங்கே படிவம் அனுப்பிக் காத்திருக்க முடியாது. நீங்களே தேடிப் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் விபத்து அறிக்கை, இழப்பீட்டுக் கோரிக்கை, ஓஷா விசாரணை, உள்ளூர்ச் செய்தித்தாள். ஒரு மரணம் வேலையால்தான் என்று ஏற்க, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றாவது பொதுவாக வேண்டும்.

இறப்புச் சான்றிதழில் "வேலையில் ஏற்பட்ட காயமா?" என்று ஒரு கட்டம் உண்டு. அதை நம்பி மட்டும் உட்கார்ந்தால் கணக்கு கெடும். ஞாயிற்றுக்கிழமை மதியம், எழுபது வயது விவசாயி, தன் நிலத்தில், டிராக்டர் கவிழ்ந்து இறந்திருக்கிறார். கட்டத்தில் "இல்லை" என்று டிக். எழுதியவரைப் பொறுத்தவரை அவர் ரிட்டயர் ஆனவர். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பில், கடைசிவரை மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி இருக்கும். வைக்கோல் இறக்கப் போனாரா, பேரனை ஏற்றிக்கொண்டு சுற்றப் போனாரா? முன்னது கணக்கில் சேரும், பின்னது சேராது. ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, டிராக்டருக்குப் பின்னால் என்ன மாட்டியிருந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் இறந்தால் சேராது. சுயதொழில் செய்கிறவர், குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உழைத்தவர், விசா இல்லாதவர், எல்லோரும் சேர்வார்கள். வேலையிடத்தில் நடந்த கொலையும் தற்கொலையும் சேரும். மாரடைப்பு, அதற்கு ஒரு காயம் காரணமாக இருந்தால் ஒழிய, சேராது. லாரி டிரைவர் உங்கள் மாநிலத்தில் விபத்தாகிப் பக்கத்து மாநில ஆஸ்பத்திரியில் இறந்தால் கேஸ் உங்களுடையது. ஆகவே பக்கத்து மாநிலக் கணக்குக்காரரோடு நட்பாக இருங்கள். பிரேதப் பரிசோதனை அலுவலகம், வாகனப் பதிவுத் துறை ஆகியவற்றோடு தகவல் பகிர்வு ஒப்பந்தங்களையும் பணம் வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள். என் அனுபவத்தில் வருடம் முழுக்கத் தாமதம் ஆனது இந்தக் காகிதங்களால்தான்.

படி 7: வாயைக் கட்டுவது

நீங்கள் சேகரிக்கும் விவரம் சிப்சியா என்ற ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2002இல் வந்தது, 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பகுதியாக மறுபடி நிறைவேறியது. மாநில ஊழியர் ஒவ்வொருவரும் பிஎல்எஸ்ஸின் முகவராகக் கையெழுத்துப் போட்டு, பயிற்சி எடுத்த பிறகுதான் ஒரு படிவத்தையாவது தொடலாம். தெரிந்தே வெளியே விட்டால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

இது ஏட்டில் சுலபம். ஒரு நாள் உங்கள் துறைத் தலைவரே கூப்பிட்டு, "அந்தக் கம்பெனி எவ்வளவு காயம் காட்டியிருக்கு?" என்று கேட்பார். பக்கத்து அறையில்தான் மாநில ஓஷா சோதனை அதிகாரிகள் இருப்பார்கள், சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகக் கேட்பார்கள். இருவருக்கும் பதில் ஒன்றுதான்: சொல்ல முடியாது. புள்ளிவிவரத்துக்கு என்று வாங்கிய விவரத்தை வைத்து அபராதம் போட்டால் அடுத்த வருடம் எவரும் உண்மையை எழுத மாட்டார். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே துறையின் வக்கீலையும் தலைவரையும் உட்காரவைத்து இதை விளக்கிவிடுங்கள். தகவல் கேட்டு மனு வந்தால் யார் பதில் எழுதுவது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். பூட்டிய அறை, தனி பிரிண்டர், கிழிக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பட்ஜெட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

நியோஷ் கதவைத் தட்டுகிறவர்களுக்கு

இங்கே எல்லாம் தலைகீழ். போட்டி உண்டு, நிபுணர் குழு மதிப்பெண் போடும், பாதிப் பங்கு கேட்பதில்லை. அறிவிப்பு வெளிவந்த பிறகுதான் விண்ணப்பம், கிராண்ட்ஸ்.கவ் வழியாக, ஈரா காமன்ஸ் என்ற ஃபெடரல் இணைய அமைப்பின் கணக்கோடு. மாநிலத்தின் சார்பில் பல்கலைக்கழகமும் வாங்கலாம். மிச்சிகனில் தொழில்சார் நோய்க் கண்காணிப்பைப் பல ஆண்டுகளாக நடத்துவது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம்தான். அடிப்படை வேலை, மாநிலத்துக்கான தொழில்சார் சுகாதாரக் குறியீடுகளை ஆண்டுதோறும் கணக்கிடுவது. அதற்கு மேல் சிலிக்கோசிஸ், ஆஸ்துமா, ரத்தத்தில் ஈயம், மரண விசாரணை என்று ஏதாவது ஒன்றை விரிவாக எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் எங்கே விழுகிறது என்றால், தரவு கைக்கு வந்த பிறகு என்ன செய்வீர்கள் என்ற இடத்தில். ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து கல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் பெயர் வந்தது, சரி. அப்புறம்? யார் அவர் வீட்டுக்குப் போன் போடுவார், எந்த மொழியில், அதே பட்டறையில் இன்னும் வேலை பார்க்கும் மற்றவர்களுக்கு எக்ஸ்ரே யார் எடுப்பார்? இதற்குப் பெயரோடு, தேதியோடு பதில் எழுதியவர்கள் முன்னே போவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் நியோஷ் ஊழியர்களில் பெரும்பகுதியினருக்கு ஆட்குறைப்பு அறிவிப்பு போனது. ஒரு வரி எழுதும் முன் அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா, அதில் போட்டிருக்கும் அதிகாரி இன்னும் அந்த நாற்காலியில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

படி 8: கணக்கு ஒப்படைப்பது

மறுபடி பிஎல்எஸ்ஸுக்கு வருகிறேன். செலவு விதிகள் எல்லா ஃபெடரல் மானியத்துக்கும் பொதுவானவை. அதில் அதிகம் அடி வாங்குவது நேரப் பதிவு. ஒரு கோடர் பாதி நாள் காய சர்வே, மீதி நாள் மாநிலத்தின் வேறு வேலை பார்த்தால், உண்மையில் எத்தனை மணி நேரம் எதற்குப் போனது என்ற பதிவின்படிதான் சம்பளம் பிரிய வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பட்ஜெட்டில் 60, 40 என்று எழுதியிருந்ததால், எல்லோரும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே 60, 40 என்று நேரத்தாள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்திலும் 60, 40. ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்த வாரத்திலும் 60, 40! தணிக்கை அதிகாரி அந்த ஒரு தாளைத் தனியாக எடுத்து மேசை மீது வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை மூன்றரைக்கு எல்லோரும் அவரவர் நேரத்தை அவரவர் கையால் எழுதும் வழக்கம் வந்தது.

கணக்கு முடிக்கப் பொது விதிப்படி 120 நாள், ஒப்பந்தம் குறைவாகச் சொன்னால் அந்தக் கெடு. ஆவணங்கள் இறுதிக் கணக்கு அனுப்பியதிலிருந்து மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும், தணிக்கையில் கேள்வி நிலுவையில் இருந்தால் அது தீரும்வரை. செப்டம்பர் 30இலிருந்து 120 நாள் எண்ணினால் ஜனவரிக் கடைசி வாரம் வரும். சர்வே கடிதங்கள் போய்ச் சேர்ந்து போன் அடிக்க ஆரம்பிப்பதும் அதே வாரத்தில்தான். கணக்கு முடிக்கிறவரைப் போன் எடுக்கும் பட்டியலில் போடாதீர்கள்.